திரும்பி வந்தவங்களைப் பார்த்து 'கொடுப்பினை இல்லை'ன்னு சொல்றவங்களுக்கு



நீளமான பதிவு. திட்டணும்னு தோணினா தாராளமா திட்டுங்க, ஆனா கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க.

நம்ம கோயில்ல சில மாசமா ஒரு பேச்சு சுத்திக்கிட்டு இருக்கு. போன வருஷம், 2025 ஜூலையில, கைலாய யாத்திரைக்குக் கிளம்பின நம்ம குழுவுல சில பேர் காட்மாண்டுவோடயே திரும்பி வந்தாங்க இல்லையா, அவங்களைப் பத்தி. "கொடுப்பினை இல்லை." "அவன் கூப்பிடல." "போன ஜென்மத்துக் கணக்கு." வாட்சாப் குழுவுல இதைப் படிச்சப்போ பொறுத்துக்கிட்டேன். போன பிரதோஷத்தன்னிக்கு அன்னதானக் கூடத்துல, ஒரு அக்காவோட முகத்துக்கு நேராவே ஒருத்தர் சொன்னார். அந்த அக்காவுக்கு வயசு அறுபதுக்கு மேல. இந்தக் கோயில் மடப்பள்ளியில எத்தனையோ வருஷமா காய் வெட்டுற கை அது. அவங்க பதிலே சொல்லல. சாம்பார் வாளியை என் கையில கொடுத்துட்டு வெளியே போயிட்டாங்க.

சொன்னவர் பேரை எழுதப் போறதில்ல. அவர் கெட்டவர் இல்ல. நாம எல்லாரும் சொல்ற வார்த்தையைத்தான் அவரும் சொன்னார். எனக்குக் கோபம் அந்த வார்த்தை மேல. அது மனசைப் புண்படுத்துது, அது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம், மலை மேல அது ஆளைக் கொல்லும். எப்படின்னு சொல்றேன்.

முதல்ல போன வருஷம் நடந்தது. ஜூலை 8, விடியக்காலை. நேப்பாள - திபெத் எல்லையில ரசுவாகடின்னு ஒரு இடம். போட்டே கோசி ஆத்துல திடீர்னு வெள்ளம் வந்து, ரெண்டு நாட்டையும் இணைக்கிற நட்புப் பாலத்தையே அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. நேப்பாளக்காரங்களும் சீனத் தொழிலாளிகளும் செத்தாங்க, பல பேர் காணாமப் போனாங்க. கேரூங் வழியா கைலாயம் போற வண்டி எல்லாம் தாண்டிப் போற பாலம் அதுதான். இதுல கவனிக்க வேண்டியது, அன்னிக்கு அந்தப் பக்கம் பெருமழைன்னு ஒண்ணும் இல்ல. காட்மாண்டுவில இருக்கிற இசிமோட் மலை ஆராய்ச்சி நிலையம் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துட்டுச் சொன்னது: திபெத் பக்கம் பனியாத்து மேல தேங்கியிருந்த ஒரு ஏரி வடிஞ்சதுதான் காரணம். அதாவது, வானத்தைப் பார்த்து "இன்னிக்கு மழை இல்லை, போகலாம்"னு முடிவு பண்றவனுக்குக்கூட அங்க பாதுகாப்பு கிடையாது.

பாலம் போனதும் நம்ம ஏஜெண்ட் என்ன சொன்னார்? "லாசாவுக்கு விமானத்துல போய் அங்கிருந்து தரைவழியாப் போகலாம், ஆளுக்கு இன்னும் இத்தனை ரிங்கிட் கட்டுங்க." சில பேர் கட்டினாங்க, போனாங்க, தரிசனம் கிடைச்சு நல்லபடியா வந்தாங்க. சந்தோஷம், சிவனுக்கு நன்றி. அந்த அக்காவுக்குக் காட்மாண்டுவிலேயே ரத்த அழுத்தம் எகிறி இருந்துச்சு. அங்க பார்த்த டாக்டர் வேணாம்னார். லாசா 3,650 மீட்டர் உயரம். விமானத்துல போய் அந்த உயரத்துல பொத்துனு இறங்கினா நல்ல உடம்பே தள்ளாடும். அக்கா கேட்டாங்க, யோசிச்சாங்க, திரும்பினாங்க. அந்தக் குழுவுலயே புத்தியோட நடந்துக்கிட்டது அவங்கதான்னு நான் சொல்வேன்.

நம்மள்ல பல பேருக்கு உயரம்னா என்னன்னே தெரியல. தப்பில்ல, நாம கடல் மட்டத்துல வாழுற ஜனங்க. கெந்திங் மலை சுமார் 1,800 மீட்டர். அங்கயே காது அடைக்குதுன்னு சொல்றோம். நம்ம நாட்டோட உச்சி, சபாவில இருக்கிற கினபாலு, 4,095 மீட்டர். மானசரோவர் ஏரிக்கரை ஏறக்குறைய 4,590 மீட்டர். புரியுதா? நாம பாத்திரத்துல தீர்த்தம் மொள்ளுற அந்தத் தண்ணிக்கரையே கினபாலு உச்சியைவிட உயரம். பரிக்கிரமாவுல ரெண்டாம் நாள் தாண்டுற டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல. அங்க ஒரு மூச்சுல உள்ள போற ஆக்சிஜன், கிள்ளான்ல போறதுல பாதிதான்.

இந்த உயரத்துக்கு உடம்பைப் பழக்க ஒரே வழி மெதுவா ஏறுறது. 3,000 மீட்டரைத் தாண்டிட்டா, தூங்குற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல உயர்த்தக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு நாள் ஏறாம ஓய்வு எடுக்கணும்னு மலை மருத்துவம் சொல்லுது. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தா அங்கயே நிக்கணும். நடை தள்ளாடினா, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, உடனே கீழ இறங்கணும். மாத்திரை, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் இறங்குறதுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். மருந்து இறக்கம் மட்டும்தான்.

இப்போ வெள்ளத்தையும் இதையும் சேர்த்துப் பாருங்க. மேகம் மூடினா ஹெலிகாப்டர் பறக்காது. மண் சரிஞ்சா ரோடு கிடையாது. பாலம் போனா எல்லையே கிடையாது. அந்த உயரத்துல உடம்பு கெட்டவனுக்கு இருக்கிற ஒரே மருந்தை வானிலை வாசல்லயே பூட்டிடுது. மழை வந்து நேரா ஆளைக் கொல்லணும்னு அவசியமே இல்ல, இறங்குற வழியை அடைச்சாப் போதும்.

2018 ஜூலையில இதுதான் நடந்துச்சு. ஞாபகம் இருக்கா? நேப்பாளத்துல மேற்குப் பக்கம் சிமிகோட், ஹில்சா. நேப்பாள்கஞ்சிலிருந்து சின்ன விமானத்துல சிமிகோட், அங்கிருந்து ஹெலிகாப்டர்ல ஹில்சா, பாலத்தைத் தாண்டினா திபெத். மழை பிடிச்சு, விமானமும் ஹெலிகாப்டரும் நின்னுபோய், 1,500 பேருக்கு மேல இந்திய யாத்திரிகர்கள் நட்டாத்துல மாட்டினாங்க. சிமிகோட்ல சுமார் 525, ஹில்சாவுல 550, திபெத் பக்கம் 500. ஹில்சா 3,640 மீட்டர் உயரத்துல இருக்கிற ஒரு குட்டி ஊர். அத்தனை பேருக்குப் படுக்க இடம் எங்க இருக்கு, மருந்து எங்க இருக்கு? அந்தக் கூட்டத்துல தமிழ்நாட்டு ஆளுங்க நிறைய. காட்மாண்டு இந்தியத் தூதரகம் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளத்துல பேசுற ஆளுங்களை வச்சு உதவி எண் திறந்தாங்க. தென்னாட்டு யாத்திரிகர்கள் எவ்வளவு பேர் அங்க இருந்தாங்கன்னு அதுலயே தெரியுது. வயசானவங்க சில பேர் அந்த நாட்கள்ல உயிரை விட்டாங்க. அவங்களை வெள்ளம் அடிச்சிக்கிட்டுப் போகல.

சரி, 'கொடுப்பினை' எங்க வருதுன்னு கேக்குறீங்களா? இங்கதான் வருது.

மூணாவது நாள், தலை வெடிக்கிற மாதிரி வலிக்குது. குழுத் தலைவர் விரல்ல கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவு பாக்குறார். அந்த நேரத்துல ஒரு சிவபக்தன் மனசுல என்ன ஓடும்? 'உண்மையைச் சொன்னா இறக்கி விட்டுடுவாங்க. இறங்கினா ஊர்ல என்ன சொல்வாங்க? இத்தனை பேருக்குச் சொல்லிட்டு வந்தோம், மாலை போட்டு அனுப்பினாங்க, கொடுப்பினை இல்லாத பாவின்னு பேசுவாங்க.' உடனே வாயை மூடிக்குவார். போய்ட்டு வந்தவங்களே சிரிச்சிக்கிட்டு என்கிட்ட சொல்லியிருக்காங்க: கிளிப் மாட்டுறதுக்கு முன்னாடி கையைத் தேய்ச்சு, மூச்சை இழுத்து இழுத்து விட்டு நம்பரை ஏத்திக் காட்டினோம்னு. சர்க்கரை இருக்கிறதைப் படிவத்துல எழுதல, இருதயத்துக்கு ஸ்டெண்ட் வச்சதை எழுதலன்னு. பெருமையா சொன்னாங்க! நாமளும் கேட்டுட்டு "என்ன பக்தி!"ன்னு கையெடுத்துக் கும்பிட்டோம்.

இங்க அன்னதானக் கூடத்துல ஏப்பம் விட்டுக்கிட்டு நாம சொல்ற ஒரு வார்த்தை, அங்க 5,000 மீட்டர்ல ஒரு மனுஷனை "எனக்கு முடியல"ன்னு சொல்ல விடாமப் பண்ணுது. இதைத்தான் ஆளைக் கொல்லும்னு சொன்னேன்.

கினபாலுவுல பாருங்க. வழிகாட்டி இல்லாம ஏற முடியாது. குறிப்பிட்ட நேரத்துக்குள்ள சாயாட்-சாயாட் சாவடிக்கு வரலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. மழை காத்துன்னா உச்சிக்கு விடவே மாட்டாங்க. நம்ம பசங்க எத்தனை பேர் அப்படித் திரும்பி வந்து, "மழைடா, விடல, அடுத்த வருஷம் பாப்போம்"னு சொல்லிட்டு மீ கோரேங் சாப்பிடுறாங்க. அவங்களை யாராவது போன ஜென்மத்துப் பாவின்னு சொன்னோமா? மலைக்குச் சாமி பேரு வந்ததும் மட்டும் எப்படி நமக்கு நாக்கு நீளுது?

இன்னும் கிட்ட வாங்க. 2021 டிசம்பர். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுல வெள்ளம் கூரை வரைக்கும் ஏறினப்போ நாம என்ன பண்ணோம்? அண்டா அண்டாவா சமைச்சோம், பொட்டலம் கட்டினோம், படகு தேடினோம். அப்புறம் கோபப்பட்டோம். எச்சரிக்கை ஏன் முன்னாடியே வரல, தண்ணியை வெளியேத்துற ஏற்பாடு ஏன் வேலை செய்யல, உதவி ஏன் தாமதம்னு கேட்டோம். சரியான கேள்விகள். "அந்தக் குடும்பங்களுக்குக் கொடுப்பினை இல்லை"ன்னு ஒருத்தராவது சொல்லியிருந்தா அவரைக் கோயிலை விட்டே அனுப்பியிருப்போம். அதே நாம, இமயமலையில வெள்ளம் வந்தா ஒரு கேள்வியும் கேக்குறதில்ல. ஏஜெண்ட்டைக் கேக்குறதில்ல, நிர்வாகத்தைக் கேக்குறதில்ல. எல்லாத்தையும் சிவன் தலையில கட்டிட்டு வந்துடுறோம்.

"அங்க போனா மோட்சம் தம்பி"ன்னு ஒரு பெரியவர் சொன்னார். ஐயா, நீங்க உங்களுக்கு ஆசைப்படுங்க, அதுல நான் குறுக்க வரல. அடுத்தவன் சாவை அப்படிச் சொல்லி மூடாதீங்க. கேதார்நாத்ல 2013 ஜூன் 16, 17. மழைக்காலம் அந்த வருஷம் சீக்கிரமே வந்து கொட்டித் தீர்த்துச்சு, கோயிலுக்கு மேல இருந்த சோராபாரி ஏரி உடைஞ்சு இறங்குச்சு. நடைபாதையில ராம்பாரான்னு ஒரு ஊர் இருந்துச்சு, அதுக்கப்புறம் இல்ல. ஐயாயிரம் பேருக்கு மேல போனாங்க. அதுல குழந்தைங்க, குதிரைக்காரங்க, டீக்கடைக்காரங்க. இவங்க எல்லாம் மோட்சம் கேட்டு வந்தவங்களா? வயித்துப் பிழைப்புக்கு வந்தவங்க.

போன வருஷம் ஆகஸ்ட் 14. ஜம்மு காஷ்மீர்ல கிஷ்த்வார் மாவட்டம், சோசிட்டி கிராமம். மச்சைல் மாதா யாத்திரைக்கு வண்டி போற கடைசி ஊர். மதியச் சாப்பாட்டு நேரம், அன்னதானப் பந்தல்ல ஜனங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. மேல மலையிலிருந்து சேறும் பாறையுமா தண்ணி இறங்குச்சு. அறுபது பேருக்கு மேல செத்தாங்க. அன்னதானப் பந்தல்! இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. கரண்டி பிடிச்சவங்களும் தட்டு ஏந்தினவங்களும் ஒண்ணாப் போனாங்க. 2022 ஜூலை 8 அமர்நாத்லயும் இதே கதைதான். குகைக்குப் பக்கத்துல போட்டிருந்த கூடாரங்களையும் அன்னதானக் கொட்டகைகளையும் வெள்ளம் வாரிக்கிட்டுப் போச்சு. பந்தல் எங்க போடணும், தண்ணி எந்த வழியா இறங்கும்னு பார்க்கிறதும் தொண்டுதான். இங்க பத்துமலையில தைப்பூசத்துக்குத் தண்ணிப் பந்தல் போடுறதுக்கே எத்தனை அனுமதி, எத்தனை அளவு!

அமர்நாத்தைப் பத்தி இன்னொண்ணு. 1996 ஆகஸ்ட்ல அங்க பருவம் தப்பின பனிப்புயல்ல 240 பேருக்கு மேல குளிர்லயும் களைப்புலயும் செத்தாங்க. அதுக்கப்புறம் விசாரணைக் குழு போட்டாங்க, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு சொன்னாங்க. இன்னிக்கு அமர்நாத் போக மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். எழுபது வயசைத் தாண்டினவங்களுக்கு அனுமதியே இல்ல. இந்திய அரசாங்கம் நடத்துற கைலாய யாத்திரையிலயும் அப்படித்தான்: எழுபது வரைக்கும்தான், உடல் எடைக் கணக்கு பாக்குறாங்க, டெல்லியில பரிசோதனை, வழியில மேல ஏறினப்புறம் மறுபடியும் பரிசோதனை, தேறாதவங்களைத் திருப்பி அனுப்புறாங்க. இத்தனைக்கும் 1998ல மால்பாவுல அந்த அரசாங்க யாத்திரையில போன ஒரு குழுவே, அறுபது யாத்திரிகர்கள், ராத்திரி மண்சரிவுல போனாங்க. எல்லாம் பார்த்துச் செஞ்சாலே அப்படி. நம்ம மலேசியா, சிங்கப்பூர் ஆளுங்களுக்கு அந்த அரசாங்க வழி கிடையாது, அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். நமக்கு ஏஜெண்ட்டுதான். ஏஜெண்ட்டோட மருத்துவப் பரிசோதனை என்ன தெரியுமா? "உடம்பு நல்லா இருக்கா ஆண்டி? சரி, டெப்பாசிட் கட்டிடுங்க."

"அந்தக் காலத்துல நடந்தே போனாங்களே"ன்னு கேப்பீங்க. ஆமா, நடந்தாங்க. மாசக்கணக்கா நடந்தாங்க. ஒவ்வொரு ஊரா தங்கி, ஒவ்வொரு மேடா ஏறினாங்க, உடம்பு கூடவே பழகுச்சு. நாம? நேப்பாள்கஞ்ச் வெறும் 150 மீட்டர். அங்கிருந்து கிளம்பி ரெண்டே நாள்ல 3,600 மீட்டருக்கு மேல தூக்கிட்டுப் போய் நிறுத்துறாங்க. இதைச் சொகுசுப் பயணம்னு விளம்பரம் வேற. அவங்க பேரைச் சொல்லி இதை நியாயப்படுத்தாதீங்க.

அடுத்து அப்பர் பெருமான் பேரைச் சொல்வீங்க. சொல்லணும், நானும் அதுக்குத்தான் வர்றேன். திருநாவுக்கரசர் கயிலைக்கு நடந்தார், கால் தேய்ஞ்சது, தவழ்ந்தார், உருண்டார், உடம்பு அத்தனையும் தேய்ஞ்ச பின்னாடியும் திரும்ப மாட்டேன்னார். இந்த இடத்துலயே நம்ம சொற்பொழிவாளர்கள் பாதிப் பேர் நிறுத்திடுறாங்க, கைதட்டு வாங்கிட்டு. பெரிய புராணம் அங்கயா நிக்குது? இறைவன் ஒரு முனிவரா வந்து முதல்ல என்ன சொன்னார்? இது மனுஷ உடம்பால முடியாது, திரும்பிப் போன்னார். அப்புறம் உடம்பைச் சரியாக்கி, ஒரு குளத்துல மூழ்கச் சொன்னார். எழுந்த இடம் திருவையாறு. கயிலைக் காட்சி அங்கதான் கிடைச்சது. காவிரிக்கரையில! இன்னிக்கும் ஆடி அமாவாசைக்குத் திருவையாத்துல அப்பர் கயிலைக் காட்சி விழா எடுக்கிறாங்க. நம்ம சமயக்குரவர்ல ஒருத்தருக்கே மலை ஏறாமத்தான் தரிசனம் ஆச்சு. அவரைக் கொடுப்பினை இல்லாதவர்னு சொல்ல யாருக்காவது வாய் வருமா?

அப்போ யாத்திரையே வேணாமான்னு கேக்காதீங்க. நானே ஒரு நாள் போகணும்னு இருக்கேன். பிரச்சினை, எப்போ, எப்படி, யார் கையில பணத்தைக் கொடுத்துட்டுப் போறோம்ங்கிறது. கைலாயம் மழை மறைவுல இருக்கிற மலை, அங்க பெரும்பாலும் மழை குறைவு. அதனால ஏஜெண்ட் காட்டுற வீடியோவுல எப்பவும் நீல வானம். ஆனா நாம போற வழி நேப்பாளம். அங்க ஜூன் நடுவுலயிருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் மழைக்காலம். பௌர்ணமி தரிசனம்னு சொல்லி, சரியா ஜூலை, ஆகஸ்ட்லதான் கூட்டமும் அதிகம், விலையும் அதிகம். மேல வெயில், வழியில வெள்ளம். இது தெரிஞ்ச ஏஜெண்ட் என்ன பண்ணணும்? கையில ரெண்டு மூணு நாள் கூடுதலா வச்சு அட்டவணை போடணும். இவங்க அட்டவணையில ஒரு நாள்கூட உபரி கிடையாது. மலையிலிருந்து இறங்கின அன்னிக்கு ராத்திரியே கோலாலம்பூர் விமானம். ஒரு மேகம் மூடினா மொத்தமும் கலையும், உடனே ஓட்டம், அவசரம், ஓய்வு நாளை வெட்டுறது. ஓய்வு நாளை வெட்டினா என்ன ஆகும்னு மேல சொல்லிட்டேன்.

இப்போ இந்த வருஷத்துக்கு வருவோம். கோயில் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்துல புது பேனர் பார்த்திருப்பீங்க. 2026 குதிரை வருஷமாம், இந்த வருஷம் ஒரு பரிக்கிரமா பண்ணினா பதிமூணு பண்ணின பலனாம். இது திபெத்திய பௌத்தர்களோட நம்பிக்கை. பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வரும், அவங்களுக்கு அது புனிதம், அதுக்கு நான் தலை வணங்குறேன். ஆனா ஒரு சைவக் கோயில் சுவத்துல, திருமுறை ஓதுற இடத்துல, இதைத் தள்ளுபடி விலை மாதிரி ஒட்டி வச்சிருக்கோமே, யாராவது யோசிச்சோமா? பலன் பதிமூணு மடங்கோ என்னவோ, கூட்டம் கண்டிப்பா கூடும். தங்குற இடத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் அடிதடி கூடும்.

அதைவிட அந்த பேனரோட கடைசி வரி. போன வருஷம் தரிசனம் கிடைக்காம திரும்பினவங்களுக்குச் சலுகை விலையில 'பரிகார யாத்திரை'. பரிகாரம்! என்ன பாவத்துக்கு? பாலம் உடைஞ்சது இவங்க பாவமா? போன வருஷம் கட்டின பணத்துல பாதி இன்னும் திரும்ப வரல. ஹோட்டல், விசா, அது இதுன்னு கணக்குச் சொல்றாங்க, ரசீது காட்ட மாட்டேங்குறாங்க. அந்தப் பணம் யாரோடது? ரிட்டயர் ஆகி எடுத்த இபிஎஃப் காசு, சீட்டு கட்டிச் சேர்த்த காசு, மகன் ஓவர்டைம் பண்ணி அனுப்பின காசு. அதைத் திருப்பித் தராம, இன்னும் கட்டு, அப்போதான் தோஷம் போகும்ங்கிறது என்ன நியாயம்? இதுக்கு வழி போட்டுக் கொடுத்தது யாரு? 'கொடுப்பினை இல்லை'ன்னு சொன்ன நாமதான். நாம குத்தின முத்திரையை வச்சு அவர் வியாபாரம் பண்றார்.

அதனால நிர்வாகத்துக்கிட்ட நான் எழுத்து மூலமா கேட்டிருக்கேன், இங்கயும் சொல்லிடுறேன். அந்த பேனரை இறக்குங்க. கோயில் சுவத்துல ஒட்டினா அது கோயில் சொன்னதாத்தான் ஜனங்க நினைப்பாங்க. இனி எந்த ஏஜெண்ட் வந்தாலும் சில விஷயத்தை எழுத்துல தரட்டும், அப்புறம் சுவத்தைக் கேக்கட்டும். மழைக்கு எத்தனை நாள் உபரி? எந்த ராத்திரி எந்த உயரத்துல தங்கல்? பாதை மூடினா பணத்துல எவ்வளவு, எத்தனை நாள்ல திரும்ப வரும்? காப்புறுதி எந்த உயரம் வரைக்கும் செல்லும், ஹெலிகாப்டர்ல இறக்குற செலவு அதுல அடங்குமா? இதை நல்லாப் படிங்க. சாதாரணப் பயணக் காப்புறுதி பலதுல, இத்தனை மீட்டருக்கு மேல போனா செல்லாதுன்னு பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும். அப்புறம், 'போதும், திரும்பலாம்'னு முடிவு எடுக்கிற அதிகாரம் யாருக்கு? கமிஷன் வாங்குறவருக்கா, கூட வர்ற மருத்துவருக்கா? மருத்துவரே வரலைன்னா அதையும் எழுதட்டும்.

போறவங்களும் உங்க டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டுப் போங்க. படிவத்துல மறைக்காதீங்க. விஸ்மா புத்ராவுல பயண விவரத்தைப் பதிவு பண்ணுங்க, காட்மாண்டுவில நம்ம தூதரகம் இருக்கு, அந்த எண்ணை வீட்டுல ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டுப் போங்க. ஆத்தோரம் படுக்காதீங்க. தலை வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. உங்களைத் தூக்கிட்டு வர்ற நேப்பாளத்துப் பையனுக்கும் வீட்டுல அம்மா இருக்கா.

"சாமி விஷயத்துல கேள்வி கேக்குற நீ எதுக்குக் கோயில்ல தொண்டு பண்ற"ன்னு ஒருத்தர் ஏற்கனவே குரல்பதிவு அனுப்பிட்டார். அண்ணே, கேட்டேன், நன்றி. நான் கேள்வி கேட்டது ஏஜெண்ட்டை. சாமியை இல்ல. ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்க்கிறது நீங்கதான்.

போன வருஷக் குழுவுல பணம் திரும்ப வராதவங்க, ஏஜெண்ட் கொடுத்த ரசீது, வாட்சாப்ல அவர் அனுப்பின அட்டவணை, வங்கியில கட்டின சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு அன்னதானக் கூடத்துக்கு வாங்க. பசியாறல் இருக்கு. நகல் எடுக்க அலுவலக மெஷினைக் கேட்டு வச்சிருக்கேன். நம்ம கோயில்ல ஒரு வழக்கறிஞர் தங்கச்சி கூட உட்கார்ந்து, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு எப்படி மனு போடுறதுன்னு சொல்லித் தர்றேன்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த அக்காவும் வர்றாங்க. அவங்ககிட்ட கைலாயத்தைப் பத்தி யாரும் ஒண்ணும் கேக்க வேணாம்.